ஹாரி பாட்டரிலிருந்து குழந்தைக்குப் பெயர்: கதை வெளியே தெரியாமல் வைப்பது எப்படி?

ஹாரி பாட்டர் படித்து வளர்ந்த தலைமுறை இப்போது குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. முதல் புத்தகம் 1997-ல் வந்தது, ஏழாவது, அதாவது கடைசிப் புத்தகம், 2007-ல். அந்தப் பத்து வருடமும் பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ இருந்து, அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று நாள் எண்ணியவர்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால், பெயர் யோசிக்கும்போது மனசு அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஹெர்மாயினி என்றோ டிராகோ என்றோ அப்படியே வைத்துவிட்டால், நீங்கள் படித்த புத்தகத்துக்கு உங்கள் பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

அதற்காக ஆசையை விட்டுவிடவும் வேண்டாம். பாத்திரத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு அடியில் இருக்கும் பூவையோ நட்சத்திரத்தையோ மிருகத்தையோ குணத்தையோ எடுத்துக்கொண்டு, அதற்கு நம் வாயில் ஏற்கெனவே பழகிய பெயர் என்ன இருக்கிறது என்று தேடினால் போதும். கதையே தெரியாதவர் கேட்டால் "நல்ல பேரா இருக்கே" என்று நகர்ந்துவிட வேண்டும், கதையைக் கரைத்துக் குடித்தவருக்குக்கூட நீங்கள் சொன்ன பிறகுதான் "அட!" என்று பிடிபட வேண்டும். அந்த அளவுக்கு ஒளிந்திருந்தால் சரியான பெயர்.

நேரடியாக வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கதையே காட்டுகிறது. டாங்க்ஸை நினைத்துப் பாருங்கள். அம்மா ஆசை ஆசையாக நிம்ஃபடோரா என்று பெயர் வைத்தார், மகளுக்கு அந்தப் பெயர் சுத்தமாகப் பிடிக்கவில்லை, யாராவது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கோபம் வரும், குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். டாம் ரிடில் அப்பாவின் பெயரை வெறுத்து எழுத்துகளைக் கலைத்துப் போட்டு கதையின் வில்லன் வோல்டமார்ட் ஆனான். ஹாரியே தன் மகனுக்கு ஆல்பஸ் செவரஸ் என்று இரண்டு தலைமையாசிரியர்களின் பெயரைச் சேர்த்து வைத்தான், அந்தப் பிள்ளை முதல் நாள் ரயில் ஏறும் முன் பிளாட்பாரத்தில் நின்று, மந்திரப் பள்ளியின் நான்கு வீடுகளில் கெட்ட பெயர் எடுத்த ஸ்லிதரினில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருக்கிறான். பெரியவர்களின் அன்பும் துக்கமும் சேர்ந்து பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முதலில் என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள்

பெயர்ப் பட்டியலைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, அந்தக் கதையில் உங்களை உண்மையாகவே தொட்டது எது என்று எழுதுங்கள். "லூனா பிடிக்கும்" என்று எழுதினால் போதாது, லூனாவிடம் என்ன பிடிக்கும்? ஊரே கேலி செய்தாலும் தன் போக்கில் இருப்பதா, நண்பர்கள் மேல் வைத்த பாசமா, அந்தப் பெயரின் நிலவா? ஸ்னேப் என்று எழுதினால், அவருடைய எந்தப் பக்கம்? மாணவர்களைக் கரித்துக்கொட்டிய ஆசிரியரையா, அல்லது கடைசியில் தலைமையாசிரியர் டம்பிள்டோரிடம் அவர் சொல்லும் "எப்போதும்" என்ற அந்த ஒற்றைச் சொல்லையா? இப்படிப் பிரித்து எழுதினால்தான் எதைப் பெயராக மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது தெரியும். இரண்டு பேரும் படித்தவர்கள் என்றால் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர்தான் படித்தவர் என்றால் இந்தத் தாள் அவருக்கு மட்டும். மற்றவரிடம் கதையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். கதையின் துணை இல்லாமலே அவருக்குப் பிடித்தால்தான் அந்தப் பெயருக்குச் சொந்தக் கால் இருக்கிறது.

அந்த "எப்போதும்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நித்யா. என்றென்றும் இருப்பது என்று பொருள், எந்த வகுப்பறையிலும் ஒரு நித்யா இருப்பாள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியும் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. என்னைக் கேட்டால் இந்தத் தொடரிலிருந்து எடுக்கக்கூடிய மிக நல்ல பெயர்களில் இது ஒன்று.

ஒலியும் பொருளும் சேர்ந்து வரும் இடம்

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது ஹரிணி. சமஸ்கிருதத்தில் ஹரிணி என்றால் பெண்மான். ஹாரியின் அம்மா லில்லியின் பேட்ரோனஸ், அதாவது மந்திரத்தால் வரவழைக்கும் காவல் மிருகம், பெண்மான், அவள் மேல் வைத்த அன்பினால் ஸ்னேப்பின் பேட்ரோனஸும் பெண்மான், பனி மூடிய காட்டில் ஹாரியை வாள் கிடக்கும் குளத்துக்குக் கூட்டிப்போவதும் அதுதான். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள், ஹரி. அம்மாவின் மானும் மகனின் பெயரும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன, வெளியே பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த, சாதாரணமான, இனிமையான ஒரு பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆண் பிள்ளைக்கு ஹரி என்றே வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஹரி என்ற சொல்லுக்குத் திருமால் என்பது தவிர சிங்கம் என்ற பொருளும் உண்டு, ஹாரி இருக்கும் கிரிஃபிண்டார் வீட்டின் சின்னமும் சிங்கம். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துக்கொள்ளுங்கள்: பொருளைப் பார்ப்பது நீங்கள், வகுப்பில் கூட இருக்கும் பிள்ளைகள் காதில் விழுவது ஒலி மட்டும்தான். பிள்ளை கண்ணாடி வேறு போட்டுவிட்டால் முடிந்தது. அதில் உங்களுக்குக் கவலையில்லை என்றால் ஹரி நல்ல பெயர்தான், கவலை இருந்தால் அதே சிங்கத்தை அரிமா என்றோ, அந்த வீட்டின் துணிச்சலைத் தீரன் என்றோ எடுத்துக்கொள்ளலாம்.

லூனாவுக்கு வருவோம். லூனா என்றால் லத்தீனில் நிலவு, ஆகவே நிலா, மதி, வெண்ணிலா என்று உடனே வந்துவிடும், எல்லாமே நல்ல பெயர்கள். நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கச் சொல்வேன். கடைசிப் போரில் லூனாவின் பேட்ரோனஸ் முயல். சசி என்றால் சந்திரன், ஆனால் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் முயலை உடையது, நிலவில் தெரியும் கறையை முயல் என்று பார்த்ததால் வந்த பெயர். சசி, சசிகலா, சசிரேகா என எதை வைத்தாலும் லூனாவின் நிலவும் முயலும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நிலா என்று வைத்தால் விஷயம் தெரிந்த ஒருவர் ஊகித்துவிடலாம், சசி என்றால் ஊகிக்கவே முடியாது.

சிரியஸ் குடும்பத்துக்கு வானத்தைப் பாருங்கள்

ஹாரியின் காப்பாளர் சிரியஸ் பிறந்த பிளாக் குடும்பத்தில் பெரும்பாலோருக்கு நட்சத்திரத்தின் பெயரையோ விண்மீன் கூட்டத்தின் பெயரையோதான் வைத்திருப்பார்கள். நம்மிடமும் அதே நட்சத்திரங்களுக்குப் பழைய பெயர்கள் உண்டு, அதில் பல ஏற்கெனவே ஆட்களின் பெயர்கள். சிரியஸின் தம்பி ரெகுலஸ் ஆர்க்டரஸ் பிளாக். ஆர்க்டரஸ் என்று மேற்கே சொல்லும் நட்சத்திரம்தான் நம் சுவாதி. ரெகுலஸ் நம் மகம், அதை நேரே பெயராக வைப்பது சிரமம், ஆனால் ரெகுலஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சின்ன அரசன் என்று பொருள். இளங்கோ என்றால் என்ன? இளம் கோ, இளைய அரசன். வோல்டமார்ட்டை எதிர்த்து யாருக்கும் தெரியாமல் உயிரைக் கொடுத்த அந்தப் பையனை நினைத்து ஒரு மகனுக்கு இளங்கோ என்று வைத்தால், அதைவிட மரியாதையான நினைவு இருக்க முடியாது.

சிரியஸின் அப்பா ஓரியன். ஓரியன் கூட்டத்தில் செக்கச்செவேலென்று தெரிவது திருவாதிரை, அதிலிருந்து ஆதிரை. மணிமேகலையில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவளின் பெயரும் ஆதிரைதான், எனவே இந்தப் பெயருக்கு அந்தக் கதை இல்லாமலே தனிப் பெருமை இருக்கிறது. ஓரியனின் இன்னொரு தோளில் இருப்பது பெல்லாட்ரிக்ஸ், கதையில் அந்தப் பெயர் ஒரு கொடியவளுடையது, அதை விட்டுவிடுவோம். சிரியஸ் நட்சத்திரத்துக்கு மட்டும் ஆளுக்கு வைக்கும்படியான நேர்ப்பெயர் நம்மிடம் இல்லை. ஆனால் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தகிப்பது, சுடர்வது என்று பொருள், இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமும் அதுதான். ஆகவே சுடர். மந்திரக்கோலின் நுனியில் லூமோஸ் என்று சொன்னதும் வரும் வெளிச்சத்துக்கும் இதே பெயர் பொருந்தும், ஆண் பெண் இருவருக்கும் வைக்கலாம்.

டிராகோ பிடித்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே அவ்வளவு சந்தோஷம். டிராகோ என்பது வடக்கு வானில் துருவத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் கூட்டம். பூமியின் அச்சு மெல்ல மெல்லச் சுழல்வதால் துருவ நட்சத்திரம் காலத்துக்குக் காலம் மாறும், சுமார் 5000 வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது டிராகோ கூட்டத்தில் உள்ள தூபன் என்ற நட்சத்திரம். அப்படியென்றால் துருவன், துருவ். டிராகோவின் மகன் ஸ்கார்பியஸை உங்களுக்குப் பிடிக்கும் என்றால், விருச்சிகக் கூட்டத்தில் இருக்கும் நட்சத்திரங்கள்தான் அனுஷம், அதன் வடமொழிப் பெயர் அனுராதா.

கார்த்திகைக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு மெரோப்பி என்று பெயர், அதனால் கார்த்திகாவும் கணக்கில் வரும். ஆனால் மெரோப்பி வோல்டமார்ட்டின் அம்மா, அன்புக்கு ஏங்கியே செத்துப்போனவள். பெயர் எவ்வளவு அழகாக ஒளிந்திருந்தாலும், ஒருநாள் பிள்ளை வந்து "யாரை நினைச்சு எனக்கு இந்தப் பேர் வச்சீங்க?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதில் உங்களுக்கே கஷ்டமாக இருந்தால் அந்தப் பெயர் வேண்டாம். வோல்டமார்ட்டின் பாம்பு நாகினிக்கும் அதேதான்.

பூக்கள், அப்புறம் ஒரு எழுத்து

லில்லி என்றால் அல்லி என்றுதான் எல்லோரும் போவார்கள். அல்லி அழகான பெயர், ஒலியும் ஒட்டிவருகிறது. தாவரக் கணக்கில் அல்லி நீர்ப்பூ, உண்மையான லில்லி வேறு இனம், ஆனால் பெயர் வைக்க இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. கறாராகத்தான் இருப்பேன் என்பவர்களுக்குக் காந்தள் இருக்கிறது. தாவரவியலில் லில்லி வரிசையிலேயே வருவது, தீ நாக்கு மாதிரி சிவந்து மேல்நோக்கி வளையும் இதழ்கள். லில்லி எவன்ஸுக்கு அடர்சிவப்பு முடி என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சங்கப் பாட்டுகளில் பெண்ணின் விரல்களுக்குக் காந்தளை உவமை சொல்வார்கள்.

ஆனால் காந்தள் என்று வைக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மற்றவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். கடைசி ள் கொஞ்சம் வழுக்கினால் காந்தல் ஆகிவிடும், காந்தல் என்றால் தீய்ந்துபோனது, கருகினது. பேசும்போது ல, ள வித்தியாசம் பார்க்காதவர்கள்தான் அதிகம். உங்களுக்குப் பூவாகக் கேட்பது அடுத்தவர் வாயில் கருகலாக வந்தால் பிள்ளைதான் ஒவ்வொரு தடவையும் திருத்த வேண்டும். ழ, ள, ண, ற வரும் எந்தப் பெயரையும் இப்படிப் பத்துப் பேர் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். காந்தள் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதன் மேல் அவ்வளவு ஆசை இருந்தால் வையுங்கள், ஆனால் தெரிந்தே வையுங்கள்.

ஹெர்மாயினிக்குப் பூவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, அவள் பேட்ரோனஸ் நீர்நாய், அதையும் பெயராக்க முடியாது. ஆனால் அந்தப் பெயர் ஹெர்மஸ் என்ற கிரேக்கக் கடவுளிடமிருந்து வந்தது, பேச்சுக்கும் தூதுக்கும் உரியவர். வாணி என்றால் பேச்சு, சொல், கல்விக்கான தெய்வமும் அவள்தான். வகுப்பில் முதல் கையைத் தூக்கும் அந்தப் பெண்ணுக்கு வாணியைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆசிரியை மெக்கானகலின் முதல் பெயர் மினர்வா, ரோமானியர்களின் ஞான தெய்வம், ஆக அவரைப் பிடித்தவர்களுக்கும் கலைவாணி சரியாக வரும்.

தேடவே தேவையில்லாத பெயர்களும் உண்டு. கதையிலேயே பத்மா பாட்டில், பார்வதி பாட்டில் என்று இரட்டையர் இருக்கிறார்கள், ஒருத்தி ரேவன்கிளா, இன்னொருத்தி கிரிஃபிண்டார். இரட்டைப் பெண் பிள்ளைகள் பிறந்தவர்களுக்கு இது கையில் கொடுத்த மாதிரி.

வேறு தொடர் என்றால்

வழி அதேதான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ரசிகர்களுக்கு, ஆர்வெனை அந்திநேரத்து நட்சத்திரம் என்று சொல்வார்கள், சந்தியா என்றால் அந்திதான். அரகார்ன் முடிசூடும்போது எடுத்துக்கொள்ளும் எலெஸ்ஸார் என்ற பெயர் பச்சைக் கல்லைக் குறிப்பது, அது மரகதம். குதிரை வீரர்களின் நாட்டுக்கு ரோஹன் என்று பெயர், இங்கே அது எத்தனையோ பையன்களின் பெயர். அந்தக் கதையிலேயே சாம் தன் முதல் மகளுக்குப் பெயர் தெரியாமல் ஃப்ரோடோவிடம் யோசனை கேட்பான், இருவரும் பயணத்தில் ஒரு காட்டுப் புல்லில் பார்த்த பொன்னிறப் பூவின் பெயரான எலனோர் என்பதை வைப்பார்கள். வீரர்கள், ராஜாக்கள், மந்திரவாதிகள் அத்தனை பேர் இருக்க, ஒரு பூ. கேட்பவருக்கு அது பூவின் பெயர், அவர்கள் இருவருக்கு மட்டும் அது ஒரு பயணத்தின் நினைவு.

ஒரே ஒரு கண்டிப்பு: முடியாத தொடரிலிருந்து எடுக்காதீர்கள். 2018-ல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று பெயர் வைத்தார்கள். அது பெயரே இல்லை, கேம் ஆஃப் த்ரோன்ஸில் வரும் ஒரு பட்டம். 2019-ல் கடைசிப் பாகங்கள் ஒளிபரப்பானபோது அந்தக் கலீசி சரணடைந்த நகரத்தையே டிராகனை வைத்து எரித்தாள். அதன் மூலப் புத்தகங்கள் 1996-ல் தொடங்கியவை, ஐந்தாவது 2011-ல் வந்தது, கதை இன்னும் முடியவில்லை. எழுதுகிறவர் நாளைக்கு அந்தப் பாத்திரத்தை என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாது, பிள்ளையின் பெயரை அவர் கையில் கொடுக்க வேண்டாம். பாத்திரத்தை விட்டுவிட்டு பூவையோ நட்சத்திரத்தையோ எடுத்திருந்தால் கதை எப்படிப் போனாலும் உங்கள் பெயர் தப்பிக்கும், நான் சுற்றுவழியை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு செய்யும் முன்

இரண்டு மூன்று பெயர்கள் தேறிய பிறகு, கதை தெரியாத ஒருவரிடமும் கதையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் காரணம் சொல்லாமல் சொல்லுங்கள். முதலாமவர் "என்ன பேரு இது?" என்று கேட்டால் பெயர் தனியாக நிற்கவில்லை. இரண்டாமவர் உடனே சிரித்துக்கொண்டே "ஓ, ஹாரி பாட்டரா?" என்றால் ஒளிவு போதவில்லை. அப்புறம் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்தில் கூப்பிடுவதுபோலவும் பாருங்கள், செல்லமாகச் சுருக்கினால் என்ன வருகிறது என்றும் பாருங்கள். ஒரு ஐம்பது வயதுக்காரரின் பெயராக, ஒரு மருத்துவரின் அறைக் கதவில் எழுதியிருப்பதாகக் கற்பனை செய்து பார்ப்பதும் உதவும்.

இரண்டாவது பிள்ளை வரும்போது கொஞ்சம் கவனம். நிலா, அல்லி, துருவ் என்று ஒரே வீட்டில் மூன்று பெயர்கள் வந்தாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஆனால் பெரியவளின் பெயர்க் கதையை நீங்கள் ஊருக்கே சொல்லிவிட்டால் அடுத்ததை எல்லோரும் துருவித் துருவித் தேடுவார்கள். அதனால் காரணத்தை இருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படிக்கும் வயது வரும்போது முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். படிக்காமலே போனாலும் பரவாயில்லை, ஹரிணிக்கும் இளங்கோவுக்கும் அந்தப் புத்தகம் இல்லாமலே வாழத் தெரியும்.

கடைசியாக ஆங்கில எழுத்துகள். பதிவு செய்யும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். ஆதிரைக்குத் த எழுத்துக்குப் பின்னால் ஹெச் போடுவதா வேண்டாமா, துருவுக்கு டி போட்டு எழுதுவதா, நிலாவுக்கு முடிவில் ஒரு ஏ-வா இரண்டா என்று வீட்டில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து எழுதி வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை எல்லாவற்றிலும் அதையே கொடுங்கள், ஒரு எழுத்து மாறினால் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.